றிப்போட்டில் ‘ஹேர்2 3+’: மார்பகக் கட்டிக்கு ஏன் இதயப் பரிசோதனை?

கிளிநொச்சியில் இருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார்: “அம்மாவுக்கு 54 வயது. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்தது. றிப்போட்டில் ‘ஹேர்2 3+’ என்று இருக்கிறது. ட்ராஸ்டுசுமாப் என்ற ஊசியை மூன்று கிழமைக்கு ஒருமுறை, ஒரு வருடத்துக்குப் போட வேண்டுமாம். அதற்கு முதல் இதயத்துக்கு எக்கோ எடுக்கச் சொல்கிறார்கள். ஏன்? தெல்லிப்பழை வைத்தியசாலைக்குப் போய்வருவது கஷ்டம், ஒரு ஊசி பிந்தினால் பரவாயில்லையா? எனக்கும் தங்கச்சிக்கும் இது வருமா?”

எக்கோ என்பது ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் ஸ்கான். அதற்கான காரணம் அந்த ஹேர்2 செய்யும் வேலையில்தான் இருக்கிறது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கலம் பெருக வேண்டுமென்றால் பொதுவாக வெளியிலிருந்து உத்தரவு வர வேண்டும். வளர்ச்சிக் காரணி எனப்படும் சிறு புரதங்கள் அதைக் கொண்டுவரும். அவை உள்ளே நுழையத் தேவையில்லை. கலமென்சவ்வை ஊடுருவி நிற்கும் ‘வாங்கி’ (receptor) என்ற புரதத்தின் வெளிப்பகுதியில் வந்து ஒட்டினால் போதும். உடனே வாங்கி வடிவம் மாறிப் பக்கத்து வாங்கியோடு சோடி சேரும். உள்ளே நீண்டிருக்கும் வால்கள் ஒன்றில் ஒன்று பொசுபேற்று என்ற சிறு இரசாயனக் கூட்டங்களை ஏற்றிவிடும். அந்த இடத்தில் உள்ளிருக்கும் புரதங்கள் வந்து ஒட்ட, ராஸ் என்ற புரதம் முடுக்கப்படும். ராஸ் ராஃபை முடுக்கும், ராஃப் மெக்கை, மெக் ஏர்க்கை. கடைசியில் ஏர்க் கலத்தின் கருவுக்குள் போய்க் கலப்பிரிவுக்கான பரம்பரையலகுகளை இயக்கும். ஏகேடி என்ற புரதத்தின் வழியாகப் போகும் இன்னொரு செய்தி, கலத்தைச் சாகவிடாமல் காக்கும்.

ஹேர்2வும் இப்படியொரு வாங்கிதான். ஆனால் அதற்கென்று ஒட்ட வரும் காரணி எதுவும் அறியப்படவில்லை. சோடி சேரத் தயாரான வடிவிலேயே எப்போதும் நிற்கும். சாதாரண மார்பகக் கலத்தில் அது கொஞ்சம்தான், தொல்லை இல்லை. அம்மாவின் கட்டியிலோ 17ஆம் நிறமூர்த்தத்திலுள்ள அந்தப் பரம்பரையலகு பல பிரதிகளாகியிருக்கும். மேற்பரப்பெல்லாம் ஹேர்2 நெருக்கியடித்து நின்று, உத்தரவே வராமல் தங்களுக்குள் சோடி சேர்கின்றன. இரணைமடுக் குளத்தின் துருசு (மதகு) திறந்தபடியே இறுகிப்போனால், வயலுக்குத் தண்ணீர் தேவையோ இல்லையோ வாய்க்கால் ஓடிக்கொண்டுதானே இருக்கும்.

சாயமேற்றிய துண்டை நுணுக்குக்காட்டியில் பார்க்கும்போது, கட்டியின் கலங்களில் 10 வீதத்துக்கு மேல் கடுங்கபில விளிம்பு முழுச்சுற்றாகத் தெரிந்தால் 3+. 2+ என்றால்தான் சந்தேகம், இன்னொரு சோதனை தேவைப்படும்.

3+ என்றதும் பலர் கலங்கிப்போகிறார்கள். மருந்துக்குத் தெளிவான இலக்கு கிடைத்திருக்கிறது என்றே நான் அதைப் பார்க்கிறேன். ட்ராஸ்டுசுமாப் ஹேர்2வின் வெளிப்பகுதியைப் பிடித்துச் செய்தியை மட்டுப்படுத்துகிறது, நோயெதிர்ப்புக் கலங்களுக்கும் அந்தக் கலத்தைக் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்ற இந்த மருந்து, 2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் சேர்ந்தது.

சரி, இதயம்? இதயத் தசைக் கலங்களிலும் ஹேர்2 உண்டு. களைப்பையும் சேதத்தையும் தாங்க அவற்றுக்கு அதே செய்தி தேவை. கட்டியை அடக்கும் ஊசி அங்கேயும் கைவைக்கிறது. ஆகவே தொடங்கும் முன்னர் ஒரு எக்கோ, பிறகு ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒன்று. சிவப்பு நிறத்தில் ஏற்றும், இதயத்தையும் பாதிக்கக்கூடிய டொக்சோருபிசின் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்கெனவே போட்டிருந்தால் இதைத் தள்ளிப்போடவே கூடாது. எக்கோவில் ‘ஈஎஃப்’ என்று ஒரு எண் இருக்கும். இடது இதயவறையில் நிரம்பும் இரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை வீதம் வெளியே போகிறது என்பதுதான் அது. ஒவ்வொரு முறையும் அதைக் கிளினிக் கொப்பியில் குறித்து வையுங்கள். எண் நன்றாக இறங்கினால் வைத்தியர் ஊசியை நிறுத்தி வைப்பார். பெரும்பாலானோருக்கு இதயம் திரும்பத் தேறிவிடும்.

ஊசி ஓரிரு நாள் பிந்தினால் பயமில்லை. ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் முதல் ஊசிபோலக் கூடிய அளவில் மறுபடி தொடங்க வேண்டிவரும். வர முடியாது என்று தெரிந்தவுடனேயே கிளினிக்குக்கு அறிவித்து வேறு திகதி கேளுங்கள்.

ஹேர்2 பெருக்கம் கட்டிக்குள் நடந்த மாற்றம், பரம்பரையாக வருவதில்லை. ஆனாலும் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததை நீங்கள் இருவரும் உங்கள் வைத்தியரிடம் சொல்லிவையுங்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது: நிமிர்ந்து படுத்தால் மூச்சு முட்டுவது, கணுக்கால் வீங்குவது, சில நாளிலேயே நிறை கூடுவது. இதில் ஒன்று கண்டாலும் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திராமல், அன்றைக்கே கிளிநொச்சி வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். இந்த ஊசி போடுவதை அங்கே சொல்லுங்கள், கொப்பியையும் காட்டுங்கள்.