ஐம்பதுக்கு மேல் மேக்கப் டப்பாவில் என்னென்ன இருக்கட்டும்?

கும்பகோணத்தில் 31 வருடம் பியூட்டி பார்லர் நடத்திய அனுபவத்தில், வாசகிகள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்கு 52 வயது. வங்கியில் வேலை. 24 வருடமாக ஃபவுண்டேஷன், காம்பாக்ட், ஐலைனர், லிப்ஸ்டிக் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை. இப்போது காலையில் கண்ணாடி முன் உட்காரவே சலிப்பாக இருக்கிறது. போட்டாலும் பதினொரு மணிக்கெல்லாம் முகம் திட்டுத்திட்டாகிவிடுகிறது. போன வாரம் ஒருநாள் பவுடர் மட்டும் பூசிக்கொண்டு போனேன். மூன்று பேர் “உடம்பு சரியில்லையா மேடம்?” என்று கேட்டுவிட்டார்கள். மேக்கப்பை விடலாமா அக்கா?
– வாசகி, திருச்சி

தாராளமாக விடலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டதால்தான் அந்த மூன்று பேரும் கேட்டிருக்கிறார்கள்.

முகம் ஏன் திட்டுத்திட்டாகிறது என்று முதலில் சொல்கிறேன். மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது. அதோடு தோலில் எண்ணெய் சுரப்பதும் குறைகிறது. மாதவிடாய் நின்ற முதல் 5 வருடங்களில், தோலை உறுதியாக வைத்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும் என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். முப்பது வயதில் முகத்தோடு சேர்ந்து நின்ற அதே ஃபவுண்டேஷன், இப்போது வறண்ட இடங்களில் அப்பிக்கொண்டு கண்ணோரக் கோடுகளுக்குள் இறங்கிவிடுகிறது. அதைச் சரிசெய்ய காம்பாக்டை ஒற்ற ஒற்ற இன்னும் வறண்டுபோகும். நீங்கள் போடும் விதத்தில் தப்பே இல்லை. தோல் மாறியிருக்கிறது.

எனக்கு இது 53 வயதில் நடந்தது. பார்லர்காரியின் முகம்தான் கடைக்கு போர்டு என்று நம்பியவள் நான். அதனால் மேக்கப் இல்லாமல் கடையைத் திறந்ததே கிடையாது. ஓர் ஆவணி முகூர்த்தம். விடியற்காலை மூன்று மணிக்கு, மண்டபத்தின் மணப்பெண் அறையில், டியூப்லைட் வெளிச்சத்தில் பெண்ணுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தேன். கண்ணாடியில் எங்கள் இரண்டு பேர் முகமும் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன. இரண்டு முகத்திலும் ஒரே கம்பெனி ஃபவுண்டேஷன். அவள் முகத்தில் ஈரம் மின்னியது. என் முகத்தில் வாயோரமெல்லாம் கோடு கோடாகப் பிரிந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் பஞ்சில் தேங்காய் எண்ணெய் தொட்டு எல்லாவற்றையும் துடைத்தேன். அன்றைக்குப் பிறகு ஃபவுண்டேஷன் போட்டதில்லை. என்னிடம் வருவதை எந்த வாடிக்கையாளரும் நிறுத்தவும் இல்லை.

நீங்களும் ஃபவுண்டேஷன், காம்பாக்ட் இரண்டிலிருந்தே தொடங்குங்கள். முகம் கழுவியதும் ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவுங்கள், அது ஊறியதும் சன்ஸ்கிரீன். அவ்வளவுதான். லிப்ஸ்டிக்கும் ஐலைனரும் அப்படியே இருக்கட்டும். கூட வேலை பார்ப்பவர்களுக்குப் பழகிய முகம் அந்த உதடும் கண்ணும்தான். அவை இருக்கும்வரை யாரும் உடம்பைப் பற்றிக் கேட்க மாட்டார்கள். வயதாக ஆகப் புருவம் கொட்டும். கறுப்புப் பென்சிலில் அழுத்தி வரையாமல், அடர் பழுப்பில் இடைவெளிகளை மட்டும் நிரப்புங்கள். ஒரு மாதம் போகட்டும். அப்புறம் மெரூனை விட்டு உங்கள் உதட்டு நிறத்துக்கு நெருங்கிய ஷேடுக்கு வாருங்கள். ஐலைனரை எப்போது நிறுத்துவது, நிறுத்துவதா வேண்டாமா என்பது உங்கள் இஷ்டம்.

ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாரும் குறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒரு சதாபிஷேகத்துக்கு அலங்காரம் செய்யப் போயிருந்தேன். 74 வயது பாட்டி, பேத்தியை வெளியே அனுப்பிவிட்டு, “எனக்கும் அந்தச் செவப்புச் சாயத்தைப் போடும்மா” என்று மெதுவாகக் கேட்டார். வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாம். சந்தோஷமாகப் போட்டுவிட்டேன். தாத்தா முன் போய் நின்றபோது அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

எனக்கு 47 வயது. இரண்டு கன்னத்திலும் மங்கு. அதை மறைக்கத்தான் இத்தனை வருடமும் மேக்கப். அதைக் குறைக்க ஆசைப்பட்டு, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு க்ரீம் வாங்கி ஆறு மாதமாகப் போடுகிறேன். முதலில் பளிச்சென்று இருந்தது. இப்போது வெயிலில் போனால் முகம் சிவந்து எரிகிறது. மோவாயில் முடியும் முளைக்கிறது.
– வாசகி, ஈரோடு

அந்த ட்யூபை எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் ஸ்டீராய்டு கலந்த க்ரீமால் வருபவை போல இருக்கின்றன. அட்டையில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது போட்டிருக்கிறதா பாருங்கள். இவற்றைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்துவிடும். திடீரென்று நிறுத்தினாலும் முகம் இன்னும் சிவக்கும். அதனால் எப்படி நிறுத்துவது என்பதையும் மருத்துவரே சொல்லட்டும். இத்தகைய க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018லேயே அரசு விதியை இறுக்கியது.

கம்பெனி பெயர்கூட இல்லாத சிவப்பழகு க்ரீம்களைத் தொடவே தொடாதீர்கள். 2023ல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், அப்படிப்பட்ட க்ரீம்களைப் பூசிய சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. க்ரீமில் பாதரசம் இருந்தது. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது. நிறத்துக்காகச் சிறுநீரகத்தை இழப்பதா?

மங்கு முழுவதுமாகப் போகாமல் இருக்கலாம், மங்கலாகும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை தினமும் பூசுங்கள். லேசாக நிறம் கலந்த, அயர்ன் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன் கிடைத்தால் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அதையும் ஓரளவு அது தடுக்கும். மேக்கப் இல்லாமலே திட்டும் கொஞ்சம் மறையும்.

20 வருடமாக ஸ்டிக்கர் பொட்டு வைக்கிறேன். மற்ற மேக்கப்பை எல்லாம் விட்டுவிட்டேன். ஆனால் பொட்டை எடுத்தால் நெற்றியில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிகிறது. அதை மறைக்கவே பெரிய பொட்டாக வைக்க வேண்டியிருக்கிறது.
– வாசகி, சேலம்

பெரிய பொட்டு வைத்தால் வட்டமும் பெரிதாகும். சில ஸ்டிக்கர்களின் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் ஃபீனால் என்ற ரசாயனம் இருக்கும். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்களை அது அழித்துவிடும். ஸ்டிக்கரை இன்றே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சீக்கிரம் காட்டினால் பலருக்கு நிறம் திரும்புகிறது. அந்த இடம் சரியாகும்வரை நெற்றியை வெறுமையாகவே விடுங்கள். அப்புறம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்த நல்ல குங்குமம் வைத்துக்கொள்ளலாம். சாயம் கலந்த மலிவுக் குங்குமம் வேண்டாம்.

என் அம்மாவுக்கு 56 வயது. போன வருடம் அப்பா தவறிவிட்டார். அதற்கு முன்பு தினமும் கோகுல் சாண்டல் பவுடர், கண் மை, பொட்டு, தலை நிறையப் பூ என்று இருப்பார். இப்போது எதுவும் இல்லை, பவுடர்கூட இல்லை. கேட்டால் “வயசாயிடுச்சு, இனிமே எதுக்கு?” என்கிறார். அவர் விருப்பம் என்று விட்டுவிடவா, வற்புறுத்தவா?
– மகள், தஞ்சாவூர்

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் கையில் வைத்திருந்தேன் மகளே.

1979ல் என் அப்பா இறந்தபோது அம்மாவுக்கு 44 வயது. எனக்கு 16. சடங்கு என்று சொல்லி உறவுப் பெண்கள் பூவையும் பொட்டையும் எடுத்தார்கள். அதற்குப் பிறகு அம்மாவும் இதே வார்த்தையைத்தான் சொல்வார்: வயசாயிடுச்சு. நாற்பத்து நாலு வயதில். நானும் பல வருடம் அதை அப்படியே நம்பினேன்.

பார்லர் திறந்த பிறகு, மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார். ஒருநாள் நான் உள்ளறையிலிருந்து வரும்போது, சாந்துப் பொட்டு பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டு “சும்மா பார்த்தேன்” என்றார். நான் ஒன்றும் பேசவில்லை. குச்சியால் நெற்றியில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு வைத்துவிட்டேன். ரொம்ப நேரம் கண்ணாடியைப் பார்த்தார். படியிறங்கும் முன் முந்தானையால் துடைத்துக்கொண்டார். அப்புறம் கடைக்கு விடுமுறை விட்ட நாட்களில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எத்தனையோ தடவை வைத்துவிட்டிருக்கிறேன். 2011ல் அவர் போகும்வரை தெருவுக்கு ஒருநாளும் அந்தப் பொட்டோடு போகவில்லை.

நான் 53 வயதில் ஃபவுண்டேஷனை விட்டபோது நானும் “வயசாயிடுச்சு” என்றுதான் சொன்னேன். என்னிடமிருந்து யாரும் எதையும் எடுக்கவில்லை. திரும்பப் போட நினைத்தால் நாளைக்கே போடலாம். என் அம்மாவுக்கு அந்த வழி இருக்கவில்லை. உங்கள் அம்மாவுக்கு இருக்கிறதா என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. கேட்டால் “வேண்டாம்” என்றுதான் வரும்.

அதனால் வற்புறுத்தாதீர்கள். நாலு பேர் முன்னால் “ஏம்மா பொட்டு வைக்கலை?” என்று கேட்கவே கேட்காதீர்கள். துக்கத்தில் அவரே ஒதுக்கி வைத்திருந்தால் அதற்கும் நேரம் வேண்டும், ஒரு வருடம் பெரிய காலமில்லை. அடுத்த விசேஷத்துக்கு அம்மா பூ வைத்துக்கொண்டு வந்து, அத்தையோ பெரியம்மாவோ ஏதாவது சொன்னால், எழுந்து பதில் சொல்ல வேண்டியது நீங்கள். அம்மாவைச் சொல்ல விடாதீர்கள். அப்படிச் சொல்வீர்கள் என்பது அம்மாவுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போதைக்கு ஒரு கோகுல் சாண்டல் டப்பா வாங்குங்கள். வழக்கமாக எங்கே இருக்குமோ அங்கேயே வையுங்கள். பக்கத்தில் சாந்துப் பொட்டும் இருக்கட்டும். ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். ஒரு மாதம் கழித்து டப்பா எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.