ஒன்றரை வயதுக் குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும்: ஓ.ஆர்.எஸ். கொடுத்தாலும் கக்கிவிடுகிறான், நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுக்கும் அளவையும் வேகத்தையும் மாற்றுங்கள். நான் மருத்துவர் அல்ல; என் மகள் ஒரு வயது நான்கு மாதக் குழந்தையாக இருந்தபோது இதே நிலையில் மூன்று இரவுகள் அவளோடு விழித்திருந்த தாய் என்ற முறையில்தான் எழுதுகிறேன்.

ஆனால் அதற்கு முன் உங்கள் மகனை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். கண்கள் குழிவிழுந்திருக்கின்றனவா, ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் கழிக்காமல் இருக்கிறானா, அழுதால் கண்ணீர் வராமல் இருக்கிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே மறையாமல் நிற்கிறதா, எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடக்கிறானா, குடிக்கவே முடியாமல் இருக்கிறானா, மலத்தில் இரத்தமோ வாந்தியில் பச்சை நிறமோ தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தப் பதிலை மேலே படிக்காமல் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

எங்கள் வீட்டில் முதல் இரவு நடந்தது முழுவதும் தவறுகள்தாம். நான்கு முறை தண்ணீராகப் போன பிறகு, தாகத்தில் தவித்த குழந்தைக்கு நான் அரை டம்ளர் கரைசலை ஒரே மூச்சில் புகட்டினேன். அவள் ஆவலோடு குடித்தாள். ஐந்தாம் நிமிடம் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. கரைசல் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டி, மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்றே பெரிதாக அச்சிட்டு விற்ற ஒரு பழச்சுவை பானத்தை வாங்கி வந்தோம். அது இனிப்பாக இருந்ததால் விரும்பிக் குடித்தாள், ஆனால் பேதி முன்பைவிட அதிகமாயிற்று.

அதன் காரணத்தை மறுநாள் குழந்தைகள் நல மருத்துவர் விளக்கினார். குடலின் உட்சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்து உள்ளே நுழையும் வழி ஒன்று உண்டு. அவை நுழையும்போது தண்ணீரையும் உடன் இழுத்துச் செல்கின்றன. கடுமையான வயிற்றுப்போக்கிலும் அந்த வழி அடைபடுவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஒரு லிட்டர் நீரில் 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சாப்பாட்டு உப்பும் பிற உப்புகளும் இருப்பது இதற்காகத்தான். சர்க்கரை அந்த அளவை மீறினால், உறிஞ்சப்படாமல் குடலில் தங்கும் மிச்சம் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். பழச்சாறும் குளிர்பானமும் பேதியைக் கூட்டுவது இதனால்தான். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2025 அக்டோபரில், இத்தகைய பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகள் இடம்பெறக் கூடாது என்று உத்தரவிட்டபோது, அந்த இரவை நினைத்து என் கண்கள் கலங்கின. இன்றும் உறையின் மீதுள்ள பெயரை நம்பாமல், பின்புறம் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள்.

கரைப்பதிலும் கவனம் வேண்டும். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கும் சிறியது 200 மில்லிக்கும் உரியவை. பெரிய பாக்கெட்டில் பாதியைக் கண்ணளவாக ஒரு டம்ளரில் போட்டுக் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். கொதித்து ஆறிய நீரில் முழுப் பாக்கெட்டையும் கரைத்து மூடி வைத்து, 24 மணி நேரத்துக்குப் பிறகு எஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்திருந்து, பிறகு இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கொடுக்கத் தொடங்குங்கள். ஒரு தேக்கரண்டி 5 மில்லி. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று என்றால் ஒரு மணி நேரத்தில் 150 மில்லி உள்ளே போய்விடும். இது அற்பமாகத் தோன்றும், ஆனால் வயிறு எதிர்க்காமல் ஏற்றுக்கொள்ளும் அளவு இதுவே. வாந்தி அடங்கிய பின், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதியாகும்போதும் 50 முதல் 100 மில்லி வரை கொடுக்க வேண்டும். கரண்டியைக் கண்டாலே என் மகள் வாயை இறுக மூடிக்கொண்டாள். அப்போது என் மாமியார் பரணிலிருந்து பழைய வெள்ளிப் பாலாடையை எடுத்துக் கழுவி வந்து, அவளைத் தம் மடியில் சாய்த்துக்கொண்டு, கடிகாரத்தைப் பார்த்து நான் சொல்லச் சொல்ல விடியும்வரை புகட்டினார். அவர் இல்லாவிட்டால் அந்த இரண்டாம் இரவை நான் தாண்டியிருக்க மாட்டேன்.

1971இல் வங்கதேசப் போரின்போது, மேற்கு வங்காளத்தின் பங்காவ் அகதி முகாமில் காலராவால் மக்கள் மடிந்துகொண்டிருக்க, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோன நிலையில், குழந்தைகள் நல மருத்துவரான திலீப் மகலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குவளை குவளையாகப் புகட்டச் சொன்னார் என்பதையும், நூற்றுக்கு முப்பது என்றிருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது என்பதையும் பின்னாளில் படித்தேன். அங்கும் புகட்டியவை வீட்டாரின் கைகள்தாம்.

உணவை நிறுத்தாதீர்கள். வயிற்றைக் காயப் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள்; அது குழந்தையை இன்னும் பலவீனமாக்கும். தாய்ப்பால் குடிப்பவன் என்றால் கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, குழைந்த பருப்புச் சோறு, தயிர்ச் சோறு, இட்லி ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் சோடியம் குறைவாகையால் ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது. பல் முளைப்பதால்தான் பேதி என்று காத்திருப்பதும், வயிற்றில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று சொல்லித் தொக்கம் எடுக்கும் நாட்டு வைத்தியத்துக்கு அழைத்துச் செல்வதும் நேரத்தை வீணாக்கும். பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போட்டுக்கொள்ளும் லோப்பரமைடு மாத்திரையைக் குழந்தைக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் வைரஸால் வருவதால் ஆன்டிபயாடிக்கும் தேவைப்படுவதில்லை. வாந்திக்கு மருந்து வேண்டுமா என்பதை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து போட்ட குழந்தைக்கும் இது வருமா என்று நானும் கேட்டேன். வரலாம். அந்த மருந்து நோய் கடுமையாவதைத் தடுக்கிறது. பேதிக்கு வேறு கிருமிகளும் உண்டு. டயப்பர் மாற்றிய பின் ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

வாந்தி ஓரிரு நாளில் நின்றாலும் பேதி ஐந்து முதல் ஏழு நாள் வரை நீடிக்கக்கூடும். அவன் நன்றாகக் குடித்து, சிறுநீர் கழித்து, விளையாடத் தொடங்கியிருந்தால் அதற்காக அஞ்ச வேண்டாம். ஜிங்க் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். என் மகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் வீதம் 14 நாட்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஒரு கரண்டி நீரில் கரைத்துக் கொடுத்தோம். ஐந்தாம் நாளே பேதி நின்றுவிட்டதால் மாத்திரையையும் நிறுத்த எண்ணினேன். வீட்டுக்கு வந்த கிராம சுகாதார செவிலியர் அட்டையை வாங்கி எண்ணிப் பார்த்து, மீதி ஒன்பதையும் கொடுத்து முடிக்கச் சொல்லிவிட்டுப் போனார், முடித்தோம்.