பாட்டு கேக்க தனியா ஒரு டப்பா வாங்கலாமா?

பிளேயர் பத்தி வந்த கேள்வியெல்லாம் ரொம்ப நாளா சேந்துக்கிட்டே இருந்துச்சு, எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி இந்த தடவை எடுத்துக்கிட்டேன். ஒரே விஷயத்தை நாலு பேர் கேட்டிருந்தா ஒண்ணை மட்டும் போட்டிருக்கேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அண்ணா, போன்ல பாட்டு கேக்கும்போது நடுவுல கால் வருது, மெசேஜ் டிங்குன்னு அடிக்குது, ஒரு பாட்டை முழுசா கேட்டு எத்தனை நாளாச்சுன்னே தெரியல. தனியா பிளேயர் வாங்கலாம்னு தேடினா 32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ், டூயல் டாக்னு என்னென்னமோ போட்டிருக்கான். ஃப்ரெண்ட்ஸ் வேற, ஐபாடே போய் சேந்துடுச்சு நீ என்னத்த வாங்கப்போறேன்னு சிரிக்கறாங்க. எதை பாத்துதான் வாங்கறது?

பதில்: சிரிக்கட்டும் விடுங்க. ஐபாட் நின்னது உண்மைதான். 2001 அக்டோபர்ல 5 ஜி.பி. ஹார்ட் டிஸ்க்கோட, பாக்கெட்ல 1000 பாட்டுன்னு சொல்லிக்கிட்டு வந்துச்சு, 2022 மே மாசத்துல கடைசியா மிச்சமிருந்த மாடலையும் ஆப்பிள் நிறுத்திட்டாங்க. ஆனா அதோட பிளேயரே இல்லாம போயிடல. 1979ல கேசட்டுக்கு வெச்ச வாக்மேன்ங்கற பேர்லயே சோனி டிஜிட்டல் பிளேயர் விக்குது, ஃபியோ, ஹைபி, ஷான்லிங்னு இதையே தொழிலா வெச்சிருக்கற கம்பெனிகளும் இருக்கு.

பெட்டி மேல இருக்கற நம்பருக்கு அப்புறம் வரேன். முதல்ல நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க, உங்க பாட்டெல்லாம் எங்க இருக்கு? மாசாமாசம் பணம் கட்டற ஆப்ல இருந்தா, அதுல டவுன்லோட்னு போட்டு வெச்சது உங்க ஃபைல் இல்ல, பூட்டு போட்டு குடுத்த இரவல். அதை கார்டுல காப்பி பண்ணி வேற பிளேயர்ல போட்டா பாடாது. அப்படின்னா உங்களுக்கு வைஃபையும் ஆண்ட்ராய்டும் உள்ள பிளேயர்தான் வேணும், அது கிட்டத்தட்ட சிம் இல்லாத சின்ன போன், பேட்டரியும் போன் மாதிரிதான் சட்டுனு இறங்கும், கொஞ்ச நாள்ல நீங்களே அதுல மெசேஜ் ஆப்பை ஏத்திட்டு திரும்ப டிங்கு டிங்குன்னு எனக்கு எழுதுவீங்க. பாட்டெல்லாம் ஃபைலா கையில இருக்கு, சிடியில இருந்து எடுத்தது, காசு குடுத்து டவுன்லோட் பண்ணதுன்னா, ஆண்ட்ராய்டு இல்லாத சாதா பிளேயர் போதும். ஆன் பண்ணா சில செகண்ட்ல பாட ஆரம்பிச்சுடும், பாட்டை தவிர வேற ஒண்ணும் தெரியாது அதுக்கு. உங்க கேள்வியை படிச்சா உங்களுக்கு இதுதான்னு தோணுது.

அடுத்தது விரல். பாக்கெட்டுக்குள்ள கைய விட்டு, வெளிய எடுக்காம, அடுத்த பாட்டுக்கு போக முடியுதா? என்கிட்ட ஒரு பிளேயர் இருக்கு, முழுக்க டச், பாக்க கண்ணாடி மாதிரி அழகு. நடக்கும்போது பாட்டு மாத்தணும்னா வெளிய எடு, வேர்வைய சட்டையில துடை, லாக்கை தள்ளு, பட்டன் எங்கன்னு தேடுன்னு நாலு வேலை. அது இப்ப டிராயர்ல தூங்குது. அதுக்கு முன்னாடி வாங்கின ஒண்ணு, அடுத்த பாட்டு பட்டன்ல அம்புக்குறியே தேஞ்சு போயி வெறும் பிளாஸ்டிக்தான் மிச்சம், தினமும் என்கூட வர்றது அதுதான். பட்டன் உள்ளதா பாருங்க, பட்டனை லாக் பண்ற ஹோல்டு வசதியும் இருக்கான்னு பாருங்க, இல்லன்னா பாக்கெட்டுக்குள்ள அதுவா வால்யூம் ஏறும்.

இப்ப நம்பர். சிடியில இருக்கறது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ், அதாவது சத்தத்தை செகண்டுக்கு 44,100 தடவை அளந்து எழுதினது. அதுல பாதி, 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தமெல்லாம் அதுக்குள்ள பதிவாயிடும், மனுஷ காதுக்கு நல்ல வயசுலயே 20க்கு மேல கேக்காது, வயசாக வயசாக அதுவும் குறையும். அதனால 384ன்னு போட்டிருந்தா கெடுதல் ஒண்ணும் இல்ல, ஆனா அந்த நம்பருக்காக கூட காசு குடுக்காதீங்க. காதுக்கு வித்தியாசம் தெரியறது முதல்ல இயர்போன்ல, அப்புறம் அந்த பாட்டை எப்படி ரெக்கார்ட் பண்ணாங்கங்கறதுல, பிளேயர் மூணாவதுதான். மொத்த பட்ஜெட்டையும் பிளேயர்ல கொட்டிட்டு, போனோட வந்த பழைய இயர்போனை சொருகி கேக்கறவங்களை நிறைய பாத்துட்டேன். கடையில ரெண்டு பிளேயரை மாத்தி மாத்தி கேக்கும்போதும் உஷாரா இருங்க, எது துளி சத்தம் ஜாஸ்தியோ அதுதான் நல்லா இருக்கற மாதிரி காது ஏமாறும், ரெண்டையும் ஒரே சத்தத்துல வெச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

கேள்வி: எம்பி3 போதுமா, ஃப்ளாக்தான் வேணுமா? எத்தனை ஜி.பி. கார்டு வாங்கணும்?

பதில்: கணக்கு போட்டுடலாம். 320 கேபிபிஎஸ் (செகண்டுக்கு 320 கிலோபிட்) எம்பி3ன்னா ஒரு நிமிஷத்துக்கு 2.4 எம்.பி., 5 நிமிஷ பாட்டு 12 எம்.பி. அதே பாட்டு சிடியில இருக்கற மாதிரியே அமுக்காம வெச்சா 53 எம்.பி. ஆகும், ஃப்ளாக் அதை ஒண்ணும் தொலைக்காம பாதிக்கு கொஞ்சம் மேல வரைக்கும் சுருக்கும், 30 எம்.பி.ன்னு வெச்சுக்கோங்க. அப்ப 128 ஜி.பி. கார்டுல எம்பி3 பத்தாயிரம் பாட்டுக்கு மேல, ஃப்ளாக் நாலாயிரம் பாட்டு. 1998ல வந்த முதல் எம்பி3 பிளேயர்கள்ல 32 எம்.பி.தான் இருந்துச்சு, 128 கேபிபிஎஸ்ல போட்டா கூட அரை மணி நேரம் பாடும், அவ்ளோதான்.

நல்லா பண்ண 320 எம்பி3க்கும் ஃப்ளாக்குக்கும் நடைபாதையில நின்னு என்னால வித்தியாசம் சொல்ல முடியாது, வெக்கமில்லாம ஒத்துக்கறேன். ஃப்ளாக் எதுக்குன்னா சேத்து வெக்கறதுக்கு, நாளைக்கு வேற எந்த ஃபார்மேட்டுக்கு மாத்தினாலும் மூலம் பத்திரமா இருக்கும். ஆனா தலைகீழா ஒண்ணு பண்றாங்க பாருங்க, 128 கேபிபிஎஸ் எம்பி3யை ஃப்ளாக்கா கன்வர்ட் பண்ணி ஹை குவாலிட்டின்னு பரப்பறது. எம்பி3 ஆக்கும்போது தொலைஞ்சு போனது போனதுதான், ஃபைல் மட்டும் குண்டாகும். சந்தேகம் வந்தா ஸ்பெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல ஃபைலை போட்டா படம் காட்டும், 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்துல கத்தியால வெட்டின மாதிரி மேல எல்லாம் கறுப்பா இருந்தா அது அனேகமா பழைய எம்பி3 போட்ட வேஷம்.

கேள்வி: புது பிளேயர்ல தமிழ் பாட்டு பேரெல்லாம் கட்டம் கட்டமா வருது. சிலதுல கொம்பு மட்டும் தனியா நிக்குது. பிளேயர் ரிப்பேரா?

பதில்: ரிப்பேர் இல்லீங்க, அதுக்கு தமிழ் படிக்கத் தெரியல. இதுல மூணு விதமான வியாதி இருக்கு.

கட்டம் வந்தா பிளேயருக்குள்ள தமிழ் ஃபாண்டே இல்லன்னு அர்த்தம். கொம்பு இடம் மாறி நின்னா ஃபாண்ட் இருக்கு, ஆனா எழுத்தை கோக்கத் தெரியல. யூனிகோட்ல மெல்லிசைன்னு சேமிக்கும்போது ம முதல்ல, கொம்பு அதுக்கு அப்புறம்தான் இருக்கும், ஸ்கிரீன்ல காட்டும்போதுதான் கொம்பை முன்னாடி கொண்டு வரணும். சின்ன பிளேயர்ல அந்த வேலைய செய்யற சாஃப்ட்வேர் கிடையாது, இருக்கற வரிசையிலயே கடகடன்னு ஒப்பிச்சுடும், ம ஒரு பக்கம் கொம்பு ஒரு பக்கம். இந்த ரெண்டுக்கும் கம்பெனி அப்டேட் விட்டாதான் உண்டு, இல்லன்னா பேரை இங்கிலீஷ் எழுத்துல மாத்தி வெச்சுக்க வேண்டியதுதான்.

மூணாவதுதான் நம்ம கையில இருக்கு. கம்ப்யூட்டர்ல தமிழா தெரியுது, பிளேயர்ல மட்டும் அந்நிய எழுத்தும் கேள்விக்குறியுமா வருதுன்னா டேக், அதாவது ஃபைலுக்குள்ள பாட்டு பேரை எழுதி வெச்சிருக்கற சீட்டு, அதை எழுதின விதம் பிளேயருக்கு புரியல. எம்பி3டேக் சாஃப்ட்வேர்ல செட்டிங்ஸ்ல போயி ஐடி3 வெர்ஷன் 2.3, யூடிஎஃப்16னு வெச்சு எல்லா பாட்டையும் ஒரு தடவை திரும்ப சேவ் பண்ணுங்க, பழைய பிளேயர்கள் பலதுக்கு இதுதான் ஒத்து வருது. கம்ப்யூட்டர்லயே கண்றாவியா தெரிஞ்சா அது யூனிகோடுக்கு முந்தின காலத்து ஃபாண்ட்ல யாரோ அடிச்சது, யூனிகோடுக்கு மாத்தற கன்வர்ட்டர்ல போட்டு பாருங்க, இல்லன்னா புதுசா டைப் பண்ணுங்க. இனிமே வாங்கறவங்க, தமிழ் பேர் உள்ள நாலு பாட்டை ஒரு கார்டுல போட்டு கடைக்கு எடுத்துட்டு போங்க, அதுல கொ, கௌ ரெண்டும் வர்ற பேர் ஒண்ணாவது இருக்கட்டும்.

கேள்வி: 64 ஜி.பி. கார்டு போட்டேன், முதல் கொஞ்சம் பாட்டு நல்லா பாடுது, அப்புறம் இருக்கறதெல்லாம் திக்குது இல்ல தாண்டி போயிடுது. பிளேயர் சரியில்லையோ?

பதில்: கார்டு போலியா இருக்கும்னு என் மனசு சொல்லுது, ஏன்னா நானே பட்டிருக்கேன். மலிவா கிடைச்சுதேன்னு ஒண்ணு வாங்கி ராத்திரி முழுக்க பாட்டு ஏத்தினேன், காப்பி ஆகும்போது ஒரு எர்ரர் கூட வரல, லிஸ்ட்ல எல்லா பேரும் இருக்கு, தொட்டா பாடல. உள்ள இருந்தது 8 ஜி.பி.தான், 64ன்னு பொய் சொல்ற மாதிரி மாத்தி வெச்சிருக்காங்க, 8க்கு மேல எழுதினதெல்லாம் காத்துல எழுதின கணக்கு. விண்டோஸ்னா ஹெச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸ் மேக்னா எஃப்3, ரெண்டும் இலவசம், கார்டு முழுக்க எழுதி திரும்ப படிச்சு உண்மைய சொல்லிடும். புது கார்டு எதுவா இருந்தாலும் பாட்டு ஏத்தறதுக்கு முன்னாடி இதை ஓட விடுங்க, மணிக்கணக்குல ஆகும், தூங்கப் போகும்போது போட்டுட்டு போங்க.

கார்டு நல்லது, ஆனா பிளேயர் கண்டுக்கவே மாட்டேங்குதுன்னா அது வேற கதை. 32 ஜி.பி.க்கு மேல உள்ள கார்டு எக்ஸ்ஃபேட்ங்கற ஃபைல் அடுக்கற முறையில ஃபார்மேட் ஆகி வரும், பழைய பிளேயர்களுக்கு ஃபேட்32ங்கற பழைய முறை மட்டும்தான் தெரியும். மாத்தி ஃபார்மேட் பண்ணி பாருங்க, பல தடவை உயிர் வந்துடும்.

கேள்வி: ப்ளூடூத் இயர்பட்ஸ்தான் யூஸ் பண்றேன். அதுக்கு காஸ்ட்லி பிளேயர் வாங்கினா சவுண்ட் கூடுமா?

பதில்: கூடாது. டிஜிட்டலை சத்தமா மாத்தற டாக் சிப்புக்குத்தான் அந்த விலை, ப்ளூடூத்ல கேட்டா அந்த வேலைய உங்க இயர்பட்ஸுக்குள்ள இருக்கற சிப் செய்யுது, பிளேயரோட சிப் சும்மா உக்காந்திருக்கும். எல்டாக் மாதிரி கோடெக் (பாட்டை சுருக்கி அனுப்பற முறை) பிளேயர், இயர்பட்ஸ் ரெண்டு பக்கமும் இருந்தா 990 கேபிபிஎஸ் வரைக்கும் போகும், ஒரு பக்கம் மட்டும் இருந்தா பிரயோஜனம் இல்ல.

கேள்வி: 300 ஓம் ஹெட்போன் வெச்சிருக்கேன், சின்ன பிளேயர் தாங்குமா? 4.4 எம்எம் பேலன்ஸ்டு ஓட்டை உள்ளது வாங்கணுமா?

பதில்: ஓம்ங்கறது ஹெட்போன் கரண்டுக்கு குடுக்கற எதிர்ப்பு, 300 ஓம்னா அதை அசைக்க வோல்டேஜ் வேணும், விரல் அளவு பிளேயர்ல வால்யூம் கடைசி வரைக்கும் வெச்சாலும் பாட்டு தூரத்துல கேக்கற மாதிரிதான் இருக்கும். உங்களுக்கு பேலன்ஸ்டு, அதாவது இடது வலது காதுக்கு தனித்தனி ஒயர்ல அனுப்பற முறை, பிரயோஜனப்படும், ஏன்னா அந்த ஓட்டையில பவர் ஜாஸ்தி வரும், கேபிளும் அதுக்கேத்தது வேணும். 16 ஓம், 32 ஓம் இயர்போன்காரங்க அதை பத்தி யோசிக்கவே வேண்டாம், அவங்க பாக்க வேண்டியது பிளேயரோட அவுட்புட் இம்பீடன்ஸ் (பிளேயர் பக்கம் இருக்கற எதிர்ப்பு), இயர்போன் ஓம்ல எட்டுல ஒரு பங்குக்கு கீழ இருக்கணும்னு ஒரு பேச்சு வழக்கு உண்டு, 16 ஓமுக்கு 2. கடையில பாட்டை நிறுத்திட்டு காதுல வெச்சு பாருங்க, உஸ்ஸுன்னு இரைச்சல் வந்தா வெச்சுட்டு வந்துடுங்க.

பவர் கூட இருக்கேன்னு ஏத்திக்கிட்டே போகாதீங்க சாமி. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு வாரத்துக்கு 80 டெசிபெல்ல 40 மணி நேரம், 90 டெசிபெல்னா அதுவே 4 மணி நேரம்தான்.

கேள்வி: புது பிளேயர் டைப் சி, ஆனா என் போன் சார்ஜர்ல போட்டா சார்ஜே ஏறல.

பதில்: ரெண்டு முனையும் சி உள்ள ஒயர் போட்டிருப்பீங்க. மலிவு பிளேயர்ல சில பேர் அந்த ஓட்டைக்குள்ள வெக்க வேண்டிய துக்கடா ரெசிஸ்டரை மிச்சம் பிடிச்சுடறாங்க, சார்ஜருக்கு எதிர்ல ஆள் இருக்கறதே தெரியாது. ஒரு பக்கம் பழைய செவ்வக யூஎஸ்பி (டைப் ஏ) உள்ள ஒயர்ல போடுங்க, ஏறும்.

கேள்வி: அப்பாவுக்கு 74 வயசு. பழைய பாட்டும், ஒன்றரை மணி நேரம் ஓடற பேச்சு ரெக்கார்டிங்கும் கேப்பார். எது வாங்கட்டும்?

பதில்: டச் வேண்டவே வேண்டாம். பெரிய பட்டன், பெரிய எழுத்து, அப்புறம் ரொம்ப முக்கியமா விட்ட இடத்துல இருந்து பாடற ரெஸ்யூம் வசதி, அது இல்லன்னா ஒன்றரை மணி நேர பேச்சை தினமும் முதல்ல இருந்து ஆரம்பிப்பார், இல்லன்னா உங்களை கூப்பிடுவார். ஃபைல் பேருக்கு முன்னாடி 01, 02ன்னு போட்டு ஏத்துங்க, வெறும் 1, 2ன்னு போட்டா சில பிளேயர்ல 1க்கு அப்புறம் 10 வந்து நிக்கும்.

வாங்கினதும் நேரா அவர் கையில குடுத்துடாதீங்க. நீங்களே ரெண்டு நாள் வெச்சு ஓட்டுங்க, வால்யூம் லிமிட் போடுங்க, முக்கியமா மெனுவோட பாஷை மாறிட்டா திரும்ப எப்படி கொண்டு வர்றதுன்னு, மேல இருந்து எத்தனையாவது வரி, அதுக்குள்ள எத்தனையாவதுன்னு எண்ணி ஒரு துண்டு பேப்பர்ல எழுதி டப்பாவுக்குள்ள வெச்சுடுங்க. எங்க வீட்டு பெரியவர் ஒருத்தர் ஏதோ பட்டனை அழுத்தி எல்லாத்தையும் சீன மொழிக்கு மாத்திட்டு, நாலு நாள் யார்கிட்டயும் சொல்லாம, பாடினதையே கேட்டுக்கிட்டு இருந்தார்.