நூற்றுக்கணக்கான எட்ஜ் பெட்டிகளுக்கு கான்ஃபிக்: கேட்டவையும் பதில்களும்

கேள்வி: அண்ணா, கடைகளில் எங்களுக்கு 800 எட்ஜ் பெட்டிகள் (கடையிலேயே இருந்து வேலை செய்யும் சிறு கணினிகள்) இருக்கின்றன. ஆன்சிபிள் என்ற கருவியில் கான்ஃபிக்கை (அமைப்புக் கோப்புகளை) தள்ளும்போதெல்லாம் நாற்பது ஐம்பது விட்டுப்போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: ஆன்சிபிள் மையத்திலிருந்து எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) வழியே போய்க் கதவைத் தட்டும், அந்த நேரம் பார்த்துக் கடையில் கரண்ட் இல்லை, சிம்மில் டேட்டா இல்லை என்றால் அந்தப் பெட்டி விட்டுப்போகத்தான் செய்யும். எட்ஜில் பெட்டியே வந்து கேட்க வேண்டும். பப்பெட் என்ற கருவியின் ஏஜென்ட் (பெட்டியிலேயே ஓடும் நிரல்) அப்படித்தான், மாற்றாமல் விட்டால் 30 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைக் கேட்கும். ஆன்சிபிளை விட மனமில்லையா, ஆன்சிபிள்-புல் இருக்கிறது. கோப்புகளின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட்டிலிருந்து (Git) கான்ஃபிக்கை எடுத்துப் பெட்டியிலேயே ஓடும். 800-உம் ஒரே நிமிடத்தில் வந்து மோதாமல் நேரத்தைச் சிதறவிடுங்கள்.

கேள்வி: கோட் என்றால் டெஸ்ட் உண்டு. இது கான்ஃபிக்தானே, எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக அனுப்பினால் என்ன?

பதில்: தயவுசெய்து வேண்டாம். 2019 ஜூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் ஒரே ஒரு ஃபயர்வால் விதி உலகம் முழுக்க ஒன்றாகப் போனது. அதிலிருந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வடிவங்களைத் தேடும் சூத்திரம்) சிபியுவை முழுக்க விழுங்க, சுமார் 27 நிமிடம் தளங்கள் 502 என்ற பிழையைக் காட்டின. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பியதும் புதிய மென்பொருள் பதிப்பு இல்லை, ஒரு உள்ளடக்கக் கோப்புதான். 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றும்கூட, மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டன, ஏனென்றால் பூட் ஆகாத கணினி திருத்தத்தை எப்படி வாங்கும், பல இடங்களில் ஆள் போய் சேஃப் மோடில் கோப்பை நீக்க வேண்டியிருந்தது. உங்கள் 800 கடைக்கும் ஆள் அனுப்ப முடியுமா? முதலில் ஆபீஸ் பெட்டி, அப்புறம் ஐந்து கடை, ஒருநாள் பொறுத்து மற்றவை.

கேள்வி: நெட்வொர்க் கான்ஃபிக்கே தப்பாகப் போய்ப் பெட்டி துண்டாகிவிட்டால்?

பதில்: பழையதற்குத் திரும்பும் வேலையைப் பெட்டியிடமே விடுங்கள். ஜூனிப்பர் ரவுட்டரில் 'கமிட் கன்ஃபர்ம்டு' கொடுத்தால், 10 நிமிடத்துக்குள் நாம் உறுதிசெய்யாவிட்டால் அதுவே பழைய கான்ஃபிக்குக்குப் போய்விடும். நீங்களும் அதையே எழுதிக்கொள்ளலாம்: புதியதைப் போட்டு மையத்தைத் தொட்டுப் பார்க்கட்டும், முடியாவிட்டால் பழைய கோப்பை எடுக்கட்டும்.

கேள்வி: சார், கடையில் யாராவது கையால் மாற்றிவிட்டால்?

பதில்: அடுத்த சுற்றில் ஏஜென்ட் அழித்துவிடும், அழிக்கட்டும். ஆனால் ஏன் மாற்றினார் என்று அவரிடம் அவசியம் கேளுங்கள். அந்தக் கடை பிரின்டருக்கு வேறு ஐபி என்பது போல உண்மையான தேவையாக இருந்தால், கிட்டில் அந்தக் கடைக்கான கோப்பில் ஏற்றிவிடுங்கள்.

கேள்வி: பாஸ்வேர்டையும் கிட்டிலேயே வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பெட்டிக்குப் பெட்டி தனிச் சாவி கொடுங்கள். ஒன்று திருடுபோனால் அதை மட்டும் ரத்து செய்தால் போதும்.