பச்சை பெல்ட்டிலேயே நிற்கும் பையன்

கேள்வி: என் பதினொரு வயது மகன் மூன்று வருஷமாகக் கராத்தே கற்கிறான். பச்சை பெல்ட்டைத் தாண்டவில்லை, அடுத்த பெல்ட்டுக்கான தேர்வான இந்தக் கிரேடிங்கிலும் மாஸ்டர் நிறுத்திவிட்டார். வேறு வகுப்பில் படிக்கும் பக்கத்துத் தெருப் பையன் ஒன்றரை வருஷத்தில் பிளாக் பெல்ட் வாங்கிவிட்டான். இவன் ராத்திரியெல்லாம் அழுதான். வகுப்பை மாற்றிவிடலாமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: மாற்றாதீர்கள் அம்மா. கட்டணத்தை வாங்கிக்கொண்டு பெல்ட்டைக் கட்டிவிடுவது எந்த மாஸ்டருக்கும் சுலபம், 'இன்னும் ஆகவில்லை' என்று பெற்றவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டம். அதைச் சொல்கிற ஆள் உங்களுக்குக் கிடைத்திருக்கிறார்.

பிளாக் பெல்ட்டின் முதல் நிலைக்கு ஷோடான் என்று பெயர். ஜப்பானிய மொழியில் தொடக்கப் படி என்றுதான் அதற்குப் பொருள். 1922-ல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்து காட்டிய ஓகினாவாத் தீவுக்காரர் புனகோஷி கிச்சின், ஒரு பள்ளி ஆசிரியர், இரவு நேரத்தில் குரு வீட்டு முற்றத்தில் மூன்று கட்டாக்களை (வரிசை மாறாமல் செய்யும் அடி, தடுப்பு அசைவுகள்) பழகவே பத்து வருஷம் ஆனதாக எழுதியிருக்கிறார். நம் ஊர்ச் சிலம்ப வாத்தியார்கள் கம்பைத் தொட விடாமல் காலடி போடச் சொல்வதும் இதே காரணத்துக்குத்தான்.

நானும் பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய பிரவுன் பெல்ட்டில் இரண்டு முறை நின்றவன். முதல் முறை வெட்கத்தில் ஒரு மாதம் வகுப்புப் பக்கமே போகவில்லை, அப்புறம் ஒரு ஐப்பசி அடைமழையில் மைதானம் சேறாகி வகுப்பைக் கல்யாண மண்டபத்துக்கு மாற்றியிருந்த நாளில் போய்க் கடைசி வரிசையில் நின்றேன், யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்றைக்குக் கற்றதை எந்தக் கிரேடிங்கும் எனக்குக் கொடுத்ததில்லை. உங்கள் பையன் அழுதான் என்று எழுதியிருக்கிறீர்கள், அடுத்த வகுப்புக்குப் போனானா? போயிருந்தால் அவனைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எதில் குறை என்று மாஸ்டரிடம் நேரில் கேளுங்கள். இந்த வயதில் பெரும்பாலும் நிற்கும் நிலைதான், முன்காலை மடக்கி நிற்கும்போது பின்காலின் குதிகால் தரையை விட்டு எழும்பிவிடும். தினமும் பத்து நிமிஷம் வாசலில் நிற்கச் சொல்லி அந்தக் குதிகாலை மட்டும் பாருங்கள். பெல்ட் வாங்கினால் சைக்கிள் என்று ஆசை காட்டாதீர்கள், பக்கத்துத் தெருப் பையன் பேச்சும் வேண்டாம்.

ஆனால் மாஸ்டர் மற்ற பிள்ளைகள் முன்னால் அவனைக் கேலி செய்திருந்தாலோ கை நீட்டியிருந்தாலோ மேலே சொன்ன எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம், அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.