வண்டிகள் ஏன் போகவில்லை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மலைச்சாலையில் சைக்கிள் மிதிப்பதைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்துவிட்டுத்தான் சைக்கிள் வாங்கினேன். வயது 47. ஆறு மாதம் சமவெளியில் ஓட்டிப் பழகிவிட்டு, போன ஞாயிறு எல்லோரும் புகழும் ஒரு கணவாய்ச் சாலைக்குப் போனேன். நீங்கள் எழுதிய அமைதி அங்கே இல்லை. முதுகுக்குப் பின்னால் பேருந்தின் ஹாரன், முழங்கையை உரசிப்போகும் கார்கள், வளைவுக்கு வளைவு செல்ஃபி எடுப்பவர்கள். மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே மூச்சு வாங்கியது, கோபமும் வந்தது. திரும்பிவிட்டேன். இறங்கும்போது அடிவாரத்துப் பாலத்தருகே ஒரு ஒற்றைச் சாலை பிரிந்துபோவதைப் பார்த்தேன். ஒரு வண்டிகூட அதில் இல்லை. பயந்து நுழையவில்லை. அமைதியான சாலைகளை நீங்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? இல்லை, அதெல்லாம் எழுத்தில் மட்டும்தானா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

கடைசி வரியில் இருக்கும் குத்தல் நியாயமானதுதான். அந்தக் கட்டுரையில் அமைதியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்று ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எது அழகான சாலை என்று விசாரித்துப் போயிருக்கிறீர்கள். எல்லோரும் அதையேதான் விசாரிக்கிறார்கள். அதனால்தான் எல்லோரும் அங்கே இருந்தார்கள். வரைபடத்தைப் பிரித்தால் நான் தேடுவது வேறு: இந்தச் சாலையில் வண்டிகள் ஏன் போகவில்லை? அதற்கு ஒரு காரணம் கிடைக்கும்வரை கிளம்ப மாட்டேன்.

ஆகச் சிறந்த காரணம், பக்கத்திலேயே வேகமான வேறு வழி ஒன்று இருப்பது. ஸ்விட்சர்லாந்தின் கோட்ஹார்ட் கணவாயைச் சொல்லலாம். 2,106 மீட்டர் உயரம். 1980இல் அதற்கு அடியில் கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுரங்கச் சாலை திறந்தார்கள். அவசரக்காரர்கள் அதற்குள் புகுந்துகொண்டார்கள். காட்சி பார்க்க வருபவர்களுக்கு மேலே அகலமான கணவாய்ச் சாலை இருக்கிறது. இந்த இரண்டுக்கும் மூத்தது தெற்குச் சரிவிலிருக்கும் திரெமோலா என்ற பழைய சாலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் போட்டது, கருங்கல் பாவியது, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து வைத்ததுபோல 24 வளைவுகள். கல் பாவிய தளத்தில் கார்காரருக்குப் பல் ஆடும். நமக்கும் ஆடும்தான். ஆனால் அந்த ஆட்டம்தான் சாலையை நமக்கு மிச்சம் வைத்திருக்கிறது.

இதேபோல் எந்த மலைப்பகுதியிலும் தேடலாம். ஆற்றை ஒட்டி ஒரு நெடுஞ்சாலை போனால், எதிர்க்கரையில், அல்லது நூறு இருநூறு மீட்டர் மேலே மலையின் தோளில், ஊர்களைத் தொட்டுத் தொட்டுப் போகும் மெல்லிய கோடு ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல, அணையோடோ கடைசி ஊரோடோ முடிந்துபோகும் முட்டுச் சாலைகள். போன வழியே திரும்ப வேண்டும் என்பதால் பலருக்கு அவை பிடிக்காது. எனக்கு அதனாலேயே பிடிக்கும். கைவிட்ட ரயில் பாதைகள் இன்னொரு வகை. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் பெரும்பாலும் இரண்டு மூன்று சதவீத ஏற்றம்தான், அதாவது நூறு மீட்டர் போனால் இரண்டு மூன்று மீட்டர்தான் ஏறும். ஸ்பெயினில் 1993 முதல் இப்படிப்பட்ட பாதைகளை நடக்கவும் மிதிக்கவும் திறந்துவிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

காரணம் கிடைக்காமல் கிளம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. ஒருமுறை வரைபடத்தில் அப்படி ஒரு அருமையான கோட்டைப் பார்த்து ஆசைப்பட்டுப் போனேன். பதினெட்டு கிலோமீட்டர் ஏறும்வரை எதிரே ஒருவர்கூட வரவில்லை. அடடா, அடடா என்றே மிதித்தேன். அப்புறம் ஒரு வளைவைத் திரும்பினால் பாலம் இல்லை. இரு கரையிலும் தூண்கள் மட்டும் நின்றன. தோளில் சைக்கிளும் கழுத்தில் ஷூவுமாக முழங்கால் நீரில் இறங்கினேன். மறு கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர், “பாலம் போய் மூணு வருசமாச்சே, தெரியாதா?” என்றார். இப்போதெல்லாம் செயற்கைக்கோள் படத்தையும் பார்த்துவிடுகிறேன். டயர் ஓடிய தடம் இரண்டு கோடாகத் தெரிகிறதா, பாலம் இருக்கிறதா என்று.

சரி, மூன்றாவது வளைவில் மூச்சு வாங்கிய கதைக்கு வருகிறேன். அதற்கும் வயதுக்கும் சம்பந்தம் குறைவு. மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடாதீர்கள், ஏறும் உயரத்தில் கணக்கிடுங்கள். ஓரளவு பழகியவர் மணிக்கு 500, 600 மீட்டர் ஏறுவார். ஆறு சதவீத ஏற்றத்தில் பத்து கிலோமீட்டர் என்றால் 600 மீட்டர், அதாவது முழுதாக ஒரு மணி நேரம். சமவெளியில் பத்து கிலோமீட்டருக்கு நீங்கள் எடுக்கும் நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு மிதித்திருப்பீர்கள், அதுதான் மூச்சைக் குடித்தது.

கியரையும் பார்க்க வேண்டும். பேருந்தும் லாரியும் ஏற வேண்டும் என்று போட்ட சாலை ஓரளவு நிதானமாக ஏறும். ஊர்ச்சாலைக்கு அந்தக் கவலை கிடையாது, திடீரென்று பத்து சதவீதத்துக்கு நிமிரும். முன் பல்சக்கரத்திலும் பின் பல்சக்கரத்திலும் ஒரே எண்ணிக்கைப் பற்கள் இருந்தால், ஒரு மிதிச்சுற்றுக்குச் சக்கரம் ஒருமுறை சுழலும். சாலை சைக்கிளில் அது சுமார் 2.1 மீட்டர். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். பத்து சதவீத ஏற்றத்தில் அந்த வேகம் என்றால் மணிக்கு 750 மீட்டர் உயரம். உங்களாலும் ஆகாது, என்னாலும் ஆகாது. ஆகவே முன்னதைவிடப் பின்னது பெரிதாக இருக்கும்படி மாற்றிக்கொள்ளுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும், ஏறப்போவது அவரல்ல.

இறக்கத்தில்தான் ஆளில்லாத சாலை உண்மையில் ஆபத்தானது. ஒரு மணி நேரம் எதிரே யாரும் வராததால் வளைவுகளை அகலமாக எடுக்கத் தொடங்குவோம். ஒரே ஒரு வண்டி, அதுவும் எதிரே ஆளே இருக்காது என்ற அதே நம்பிக்கையில், அந்த வளைவில்தான் வரும். தளத்தையும் பார்த்துக்கொண்டே இறங்க வேண்டும். அதிகம் வண்டி ஓடாத சாலையின் நடுவே நீளவாக்கில் பாசியோ புல்லோ ஒரு கோடாகப் படிந்திருக்கும். ஏறும்போது அது நல்ல சகுனம். இறங்கும்போது, ஈரமாக இருந்தால், சோப்பு. வளைவின் உள்ஓரத்தில் மழை அடித்துவந்த சரளை கிடக்கும். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, வளைவுக்குள் விட்டுவிடுங்கள். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் அழுத்தியபடியே இறங்காதீர்கள். ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஆறரை டிகிரி குளிர் கூடும் என்பதால், வியர்வையில் நனைந்த சட்டையோடு இறங்கினால் கை விறைக்கும், அப்புறம் பிரேக்கும் பிடிக்காது. மடித்தால் பைக்குள் அடங்கும் ஒரு காற்றுச்சட்டை போதும். டியூப் மட்டும் இரண்டு வையுங்கள். இந்தச் சாலைகளில் உதவிக்கு ஆள் வர மாட்டார், போனில் சிக்னலும் இருக்காது.

விடியற்காலையில் கிளம்புங்கள். உச்சியில் மதியத்துக்கு மேல் இடி மழை கூடுவது மலைகளில் வழக்கம். பகலில் பள்ளத்தாக்குக் காற்று மேல்நோக்கி வீசும், மாலையில் வீடு திரும்பும் உங்கள் முகத்தில்தான் அடிக்கும். நீங்கள் வெறுத்துத் திரும்பிய அந்தக் கணவாய்ச் சாலைகூட விடியும் நேரத்தில் வேறு சாலையாக இருக்கும்.

ஆனால் அதற்குப் போக வேண்டாம். பாலத்தருகே பிரிந்த அந்த ஒற்றைச் சாலை எங்கே முடிகிறது என்று நீங்கள் எழுதவில்லை. நடுவில் புல் இருந்ததா? வரைபடத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள்.