வெள்ளத்தில் மூழ்கிய கார்: திருப்பிக் கொடுக்கும்போதுதான் ஆபத்து

கேள்வி:

ஐயா, நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கராக இருக்கிறேன். கடந்த மார்ச்சில் ஓர் ஆட்டோ கன்சல்டிங்கில் 2021 மாடல் கார் ஒன்றை 6,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். 4 லட்சம் வங்கிக் கடன். மீதிக்கு மனைவியின் நகையை அடகு வைத்தேன். "சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி" என்றார்கள். சென்னை நம்பர் என்பதால் வாட்ஸ்அப்பில் "வெள்ளத்துல மாட்டுன வண்டி இல்லையே?" என்று கேட்டேன். "தண்ணியே பாக்காத வண்டிண்ணே, நம்பி எடுங்க" என்று பதில் வந்தது. ஆறு மாதத்தில் ஏர்பேக் விளக்கு எரிந்தது, பவர் விண்டோ நின்றது. கம்பெனி சர்வீஸில் பார்த்தபோது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் ஆன வண்டி என்று கம்ப்யூட்டரில் காட்டினார்கள். ஆர்.சி.யில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன், எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். (புகார் பெற்றதற்கான ரசீது) மட்டும் தந்தார்கள். கன்சல்டிங்காரர் இப்போது 5,20,000 தருகிறேன், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார். முதல் ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி, ஆர்.டி.ஓ., கன்சல்டிங்காரர் எல்லோர் மீதும் வழக்குப் போட விரும்புகிறேன். சொந்தக்காரர்கள் முன்னால் தலைகுனிந்து நிற்கிறேன், அதற்கும் நஷ்டஈடு வேண்டும். என் மைத்துனரோ, "ரிப்பேர் பண்ணி வேறு யாருக்காவது தள்ளிவிடுங்க மாமா" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

உங்கள் கடிதத்தில் வழக்குக்கு உதவுவது ஒரே வரிதான்: "தண்ணியே பாக்காத வண்டிண்ணே." நகை, சொந்தக்காரர்கள், தலைகுனிவு எல்லாம் உண்மையாக இருக்கலாம். அவற்றுக்குக் கிடைக்கிற தொகை வழக்குக்காக நீங்கள் அலைகிற பெட்ரோலுக்குக் கட்டாது.

அந்த ஒரு வரி ஏன் முக்கியம் என்றால், நம் சட்டம் வாங்குகிறவன் பக்கம் அவ்வளவு சாய்ந்ததில்லை. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 17-இன்படி, குறையைச் சொல்லாமல் சும்மா இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. நோயுள்ள குதிரையை ஏலத்தில் விற்றவன் வாயே திறக்கவில்லை என்றால் அது மோசடி இல்லை என்று அந்தப் பிரிவே உதாரணம் காட்டுகிறது. பிரிவு 19 இன்னும் மோசம். சாதாரண அக்கறையோடு விசாரித்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்ற நிலையில், எதிராளி மௌனமாக ஏமாற்றியதைக் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. உங்களிடம் பழைய பாலிசி நகல் இருக்கும், எடுத்துப் பாருங்கள். "சிங்கிள் ஓனர்" வண்டிக்கு நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் எடுக்காததற்குத் தரும் தள்ளுபடி, சைபர் என்று இருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் நீட்டுவார். ஒன்று ஏற்கெனவே கிளைம் எடுத்திருக்க வேண்டும், அல்லது பாலிசி 90 நாளுக்கு மேல் விட்டுப்போயிருக்க வேண்டும், இதைக்கூடக் கேட்காமலா வாங்கினீர்கள் என்பார்.

ஆனால் நீங்கள் நேராகக் கேட்டீர்கள், அவர் நேராகப் பொய் சொன்னார். தெரிந்தே சொன்ன பொய்க்கு பிரிவு 19-இன் அந்த விதிவிலக்கு கைகொடுக்காது. டெலிவரி நோட்டில் "வண்டியைப் பார்த்துத் திருப்தியுடன் எடுத்துக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அதற்கும் பயப்பட வேண்டாம். போனை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். அதைத் தாக்கல் செய்யும்போது புதிய சாட்சியச் சட்டத்தின் (பாரதிய சாக்ஷ்ய அதினியம்) பிரிவு 63 சான்றிதழ் தேவைப்படும், அதை உங்கள் வக்கீல் பார்த்துக்கொள்வார்.

அடுத்து, ஆர்.சி.யில் ஏன் ஒரு வரி இல்லை? அமெரிக்காவில் மாநிலங்கள் இப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே 'சால்வேஜ்', 'ரீபில்ட்', 'ஃபிளட்' என்று முத்திரை குத்திவிடுகின்றன. நம் ஆர்.சி.யில் அப்படி ஒரு கட்டமே இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55-இன்படி வண்டி அழிந்துபோனால் அல்லது நிரந்தரமாக ஓட்ட முடியாமல் போனால், 14 நாளுக்குள் தகவல் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். இன்சூரன்ஸ்காரர் சொல்லும் டோட்டல் லாஸ் வேறு. ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில், அதாவது பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பில், 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ். அது வெறும் கணக்கு. வண்டி சாகவில்லை என்பதால் ஆர்.சி.யும் உயிரோடு இருக்கும். பணத்தை வாங்கிய முதல் ஓனர், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருப்பார். வண்டி சால்வேஜ் எடுத்தவர், அதாவது சேதமான வண்டியை வாங்குகிறவர், கைக்குப் போய், ஒயரிங் மாற்றி, சீட் கவர் போட்டு, கன்சல்டிங்குக்கு வந்திருக்கும். நடுவில் யாரும் தங்கள் பெயரை ஆர்.சி.யில் ஏற்றவில்லை. அதனால்தான் அது "சிங்கிள் ஓனர்".

ஆகவே முதல் ஓனரையும் இன்சூரன்ஸ் கம்பெனியையும் ஆர்.டி.ஓ.வையும் விடுங்கள். அவர்கள் உங்களிடம் எதுவும் சொல்லவில்லை, உங்களிடம் பணமும் வாங்கவில்லை. நான்கு பேரைச் சேர்த்தால் நான்கு வக்கீல்கள் வாய்தா வாங்குவார்கள். இன்சூரன்ஸ் கிளைம் ஃபைலை வழக்கின் நடுவில் வரவழைத்துக்கொள்ளலாம். சர்வீஸ் சென்டரில் காட்டிய பழைய ஜாப் கார்டு விவரத்தை மட்டும் பிரிண்டாக இன்றே வாங்கிவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வண்டியில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணும் ஆர்.சி.யில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா, எழுத்தைச் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று நல்ல மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். டோட்டல் லாஸ் வண்டியின் ஆர்.சி.யை வாங்கி, அதே மாடல் திருட்டு வண்டிக்கு அந்த எண்ணைக் குத்தும் வேலை இந்தத் தொழிலில் பழையது. எண் ஒத்துவராவிட்டால் இந்தப் பதிலை இங்கேயே நிறுத்திவிட்டு வக்கீலோடு போலீஸுக்குப் போங்கள். சமரசம் பேசக்கூடாது.

எண் சரியாக இருந்தால், என் யோசனை: பேசி முடியுங்கள். 5,20,000 குறைவுதான். 5,60,000 கேளுங்கள், இடையில் எங்காவது நிற்கும். ஏழு மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். எந்த நுகர்வோர் ஆணையமும் அதற்குக் கழித்துக்கொண்டுதான் உத்தரவு போடும். சட்டத்தில் மாதக் கணக்கில் காலவரம்பு எழுதியிருக்கிறார்கள், நடப்பது வருடக் கணக்கில். ஜெயித்தாலும் அவர் பாதித் தொகையைக் கட்டி மாநில ஆணையத்துக்கு அப்பீல் போவார். எஃப்.ஐ.ஆர். போடவில்லை என்று வருத்தப்படுகிறீர்கள். போட்டிருந்தால் வண்டி வழக்குச் சொத்தாகி ஸ்டேஷன் வாசலில் வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கும். கோர்ட்டில் மனுப் போட்டு, விற்கமாட்டேன் என்று பாண்டு எழுதிக்கொடுத்து எடுக்க வேண்டும். அதன்பிறகு 5,20,000 தருகிறேன் என்று சொல்ல யாரும் வரமாட்டார்கள்.

மைத்துனரின் யோசனை பற்றி. நேற்று வரை நீங்கள் ஏமாந்தவர். உண்மை தெரிந்தபின் ரிப்பேர் செய்து அதை மறைத்து விற்பது சும்மா இருப்பது ஆகாது, அதே பிரிவு 17-இல் நீங்கள்தான் உட்காருவீர்கள். உங்களுக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க எதிர்த்தரப்பு கஷ்டப்படவே வேண்டாம். உங்கள் கையெழுத்தோடு புகாரும், தேதியோடு சி.எஸ்.ஆரும் இருக்கிறது. இதே நிலையில் வந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். கையில் புகார் நகலை வைத்துக்கொண்டே ஓ.எல்.எக்ஸில் விளம்பரம் போட்டிருப்பார்கள்.

ரிப்பேரும் வேண்டாம். ஒயரிங்கைப் பிரித்தால் சேறும் துருவும் போய்விடும், அதோடு சாட்சியமும் போய்விடும். உண்மை தெரிந்தபிறகும் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தால், குறையோடு ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று வாதம் வரும். இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஏர்பேக் வேலை செய்யாத வண்டியில் குடும்பத்தை ஏற்றுவதும் நல்லதல்ல. இ.எம்.ஐ.யை மட்டும் நிறுத்தாதீர்கள். வங்கி உங்களை ஏமாற்றவில்லை.

இனி, நான் அதிகம் பயப்படுவது திருப்பிக் கொடுக்கிற நாளைப் பற்றி. கோபமாக வந்தவர்கள்கூடப் பணத்தைப் பார்த்ததும் சாவியையும் கையெழுத்துப் போட்ட வெற்று ஃபார்ம் 29, 30-ஐயும் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆர்.சி. அவர்கள் பெயரிலேயே இருக்கும். முதல் ஓனர் செய்த அதே காரியம்தான். அவருக்கு அதிர்ஷ்டம், நடுவில் விபத்து எதுவும் நடக்கவில்லை.

நடந்தால் என்ன ஆகும் என்பதை 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2007-இல் விற்ற வண்டி கை மாறிக் கை மாறிப் போய், 2009-இல் விபத்து. ஆர்.சி.யில் பெயர் மாறவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு ஆர்.சி.யில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர், நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று தீர்ப்பு. விற்றதற்கு ரசீது இருக்கிறது, டெலிவரி நோட் இருக்கிறது என்பதெல்லாம் அடிபட்டவர் முன் செல்லாது. இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தால் கம்பெனி கட்டும். புதிதாக ஓட்டுகிறவர் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தால் மொத்தமும் உங்கள் தலையில். லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டியிருந்தால் கம்பெனி முதலில் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க வரும். உயிர்ச்சேதம் என்றால் தொகை இந்தக் காரின் விலையைப்போலப் பல மடங்கு.

ஆகவே ஆர்.சி. உங்கள் பெயரிலிருந்து போகாமல் வண்டி உங்கள் கையிலிருந்து போகக்கூடாது. பழைய வண்டி வியாபாரிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெறும் விதி வந்திருக்கிறது. அங்கீகாரம் உள்ளவரிடம் வண்டியை ஒப்படைத்து பரிவாகன் என்ற அரசு வாகனப் பதிவுத் தளத்தில் பதிவு செய்தால், அதுமுதல் அவரே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் கன்சல்டிங்காரரிடம் அந்தச் சான்று இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அவர் பெயருக்கு முறையாக டிரான்ஸ்ஃபர் நடக்க வேண்டும். இந்த இடத்தில்தான் பேச்சு முறியும். "என் பேருக்கு ஏத்துனா ஓனர் கணக்கு கூடும், ரேட்டு போயிடும்ணே" என்பார். தொகையில் பத்து, பதினைந்தாயிரம் விட்டுக்கொடுங்கள், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்களுக்கு இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஆர்.சி.யில் வங்கியின் எச்.பி. (கடன் பதிவு) இருக்கும்வரை வங்கியின் சம்மதம் இல்லாமல் பெயர் மாறாது. அதனால் பணத்தில் முதல் பங்கு நேராக உங்கள் கடன் கணக்குக்குப் போகட்டும். வங்கி என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) எச்.பி.யை நீக்கும் ஃபார்ம் 35-உம் வந்து, எச்.பி. நீங்கி, பிறகு டிரான்ஸ்ஃபர். மீதிப் பணத்தை ஆர்.டி.ஜி.எஸ். அல்லது டி.டி.யாக வாங்குங்கள். பின்தேதியிட்ட செக் வாங்கினால் அடுத்த வருடம் செக் பவுன்ஸ் வழக்கோடு என்னிடமே வருவீர்கள்.

ஒப்பந்தம் எழுதும்போது ஒரு வாக்கியம் கட்டாயம் இருக்க வேண்டும்: இது 2023 வெள்ளத்தில் மூழ்கி டோட்டல் லாஸ் ஆன வண்டி, அந்தக் காரணத்துக்காகவே திருப்பித் தரப்படுகிறது, அதை அறிந்தே பெற்றுக்கொள்கிறேன். இதைத்தான் அவர் எழுதவே மாட்டேன் என்பார். "பரஸ்பர சம்மதத்தால்" என்று பொதுவாகப் போட்டுக்கொள்ளலாம் என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் இந்த வண்டியைச் சரிசெய்து மீண்டும் விற்கத்தான் போகிறார். நாளை தர்மபுரியிலோ கரூரிலோ இன்னொருவர் ஏமாந்து ஆர்.சி.யைப் புரட்டினால், முந்தைய ஓனர் என்று உங்கள் பெயர் இருக்கும். அவருடைய வக்கீல் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்போது காட்ட உங்களிடம் இந்த வாக்கியம் வேண்டும். ஸ்டேஷனில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் எழுதுவதைவிட, வக்கீல் மூலம் எழுதி இரு சாட்சிகளோடு கையெழுத்திடுவது நல்லது. புகாரை வாபஸ் வாங்கும் மனு, கடைசி ரூபாய் கணக்கில் ஏறிய பிறகு.

அவர் இதற்கெல்லாம் இழுத்தடித்தால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து இரண்டு வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். உண்மை தெரிந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதாட முடியும், அந்த வாதத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக அந்த இரண்டு வருடம் நிற்காது. அதேபோல் வண்டி நிற்கிறதே என்று பாலிசியையும் விட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்ஃபர் முடியும்வரை குறைந்தது தேர்டு பார்ட்டியாவது உங்கள் பெயரில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.